ஜப்பானிய 'தே இகு', 'தே குரு': நம் போ, வா எதுவரை கைகொடுக்கும்?

கொய்யாமரம்:

வணக்கம் நண்பர்களே. டிசம்பரில் சென்னையில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலை எழுதப் போகிறேன். வினைச்சொல்லின் 'தே' வடிவத்துக்கு (நம் வினையெச்சம் மாதிரி) பின்னால் இகு, குரு என்ற இரண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும் அமைப்பில்தான் சிக்கல். இகு என்றால் போ, குரு என்றால் வா. மொத்தே இகு என்றால் எடுத்துக்கொண்டு போ, மொத்தே குரு என்றால் எடுத்துக்கொண்டு வா. இதுவரை அப்படியே தமிழ் மாதிரி இருக்கிறது, சந்தோஷம். அப்புறம் வரும் வாக்கியங்கள்தான் பிடிபடவில்லை.

அமே கா ஃபுத்தே கிதா. கிதா என்பது குருவின் இறந்தகாலம் (இகுவுக்கு இத்தா). சொல்லுக்குச் சொல் பார்த்தால் "மழை பெய்து வந்தது". விடைக்குறிப்போ "மழை பிடித்துக்கொண்டது" என்கிறது.

தொமொதாச்சி கா தென்வா ஓ ககேதே கிதா. நண்பன் போன் செய்தான், அவ்வளவுதானே? இதில் வந்தது யார்?

ஜின்கோ வா ஹெத்தே இகு. மக்கள்தொகை குறைந்து போகும் என்பதா, குறைந்துகொண்டே போகும் என்பதா? ஹெத்தே குரு என்று ஏன் சொல்லவில்லை?

படிக்கிறவர்களுக்காக: குரு என்பதைக் குடையில் வரும் 'கு' ஒலியோடு படியுங்கள். இகுவிலும் அதே வல்லினம்தான்.

நிஷிகசாய் வாசி:

மூன்றும் நல்ல கேள்விகள். முதலில் தமிழ் கைகொடுக்கும் பகுதியை முடித்துவிடுகிறேன். அது சின்னப் பகுதி இல்லை. ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் பலவற்றை நாம் வீட்டிலிருந்தே கொண்டு வருகிறோம்.

ஆள் நிஜமாகவே நகர்கிற இடங்களில் தமிழும் ஜப்பானியமும் ஏறக்குறைய ஒன்று. பொருளை எடுத்துக்கொண்டு போவது மொத்தே இகு, மனிதரையோ நாயையோ கூட்டிக்கொண்டு போவது ட்ஸுரெதே இகு. நாமும் தங்கையை எடுத்துக்கொண்டு போவதில்லை, கூட்டிக்கொண்டுதான் போகிறோம். கடைக்குப் போய் வாங்கிவிட்டுத் திரும்புவது கத்தே குரு, அதாவது வாங்கிக்கொண்டு வருவது. ஒருவர் கிளம்பும்போது "ஒச்சா தெமொ நொந்தே இகிமாசென் கா" என்று கேட்பார்கள். டீ குடித்துவிட்டுப் போகலாமே என்று நம் வீட்டு வாசலில் கேட்பது அதுதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது இத்தே கிமாசு, அதாவது போய்விட்டு வருகிறேன். "போகிறேன்" என்று மட்டும் சொல்லிக் கிளம்புவதை நம் வீட்டுப் பெரியவர்கள் விரும்புவதில்லையே, இங்கே ஜப்பானிலும் வாசலில் வெறும் இகிமாசு சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர் பதிலுக்கு இத்தேரஷ்ஷாய் என்பார். அதற்குள்ளும் போய்விட்டு வாருங்கள் என்பதுதான் இருக்கிறது.

ஒரே வடிவம் இரண்டு பொருள் தரும் இடங்களும் உண்டு. ஹஷித்தே குரு என்றால் இந்தப் பக்கமாக ஓடி வருவது. ஆனால் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு ஒருவர் "சொத்தொ ஹஷித்தே குரு" என்றால், கொஞ்சம் ஓடிவிட்டு வருகிறேன் என்று பொருள். யூஹான் வா தபெதே குரு என்று ஒருவர் வீட்டுக்குத் தகவல் அனுப்பினால், இரவுச் சாப்பாட்டை வெளியே முடித்துக்கொண்டுதான் வருவார், அவருக்காக எடுத்து வைக்க வேண்டாம். தமிழில் "சாப்பிட்டுட்டு வரேன்" என்பதைப் போலத்தான்.

ஆள் நகராமல் நிலைமை மட்டும் மாறுகிற வாக்கியங்களுக்கு வருவோம். இங்கே தமிழின் போ, வா இரண்டையும் கதவுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். ஏனென்றால் அவற்றுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. "மழை பெய்து வருகிறது" என்று செய்தியில் படித்தால், முன்பே தொடங்கி இன்னும் நிற்காத மழை என்று புரிந்துகொள்கிறோம். ஃபுத்தே கிதா அப்படி இல்லை. இதுவரை இல்லாத மழை, பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கு, அவர் உணரும்படி வந்து சேர்ந்துவிட்டது. விடாமல் பெய்துகொண்டிருக்கும் மழைக்கு ஃபுரி ட்ஸுஸுயிதே இரு. வடிவம் ஒன்று போலத் தெரிவதால் இந்த இடத்தில் தமிழர் படிக்கும் பொருள் நேர் எதிராகப் போய்விடும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பேசுகிறவர் எங்கே நிற்கிறார்? விஷயம் அவரை நோக்கி வருகிறதா, அவரிடமிருந்து விலகிப் போகிறதா?

இரவுப்பணி:

ஒசாகா பக்கம் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். இந்த 'தே குரு' இல்லாமல் எங்களால் ஒரு நாளும் பணி கைமாற்ற முடியாது. அதனால் அங்கே இது எப்படிப் புழங்குகிறது என்று எழுதுகிறேன்.

நெட்ஸு கா அகத்தா என்றால் காய்ச்சல் ஏறிவிட்டது. முடிந்த நிகழ்ச்சி, வெப்பமானியில் எண் தெரிந்துவிட்டது. நெட்ஸு கா அகத்தே கிதா என்றால் ஏறத் தொடங்கியிருக்கிறது, இன்னும் ஏறலாம், கவனியுங்கள். ஷொகுயொகு கா நகு நத்தே கிதா என்றால் சாப்பாட்டில் நாட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இன்றைக்கு இந்த நிலைக்கு வந்திருக்கிறது. இதையே நகு நத்தா என்று மட்டும் எழுதினால், அடுத்து வருகிறவர் நேற்றுவரை நன்றாகச் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்திவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மருத்துவருக்குச் சொல்லும்போது இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

உடம்புக்குள் நடக்கும் மாற்றங்களுக்கெல்லாம் பெரும்பாலும் கிதாதான் வரும். ஒனக்கா கா சுயிதே கிதா, பசிக்க ஆரம்பித்துவிட்டது. நெமுகு நத்தே கிதா, தூக்கம் வருகிறது. நமிதா கா தெதே கிதா, கண்ணில் நீர் வந்துவிட்டது. உணர்கிறவர் நாம், ஆகவே எல்லாம் நம்மை நோக்கித்தான் வர முடியும். பசி நம்மை விட்டு எங்கே போகும்!

நேர்கோடு:

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஒரு கோடு போடுங்கள். நடுவில் 'இப்போது'. கடந்த காலத்திலிருந்து இப்போது வரை வந்தது தே குரு, இப்போதிலிருந்து எதிர்காலத்துக்குப் போவது தே இகு. ஜப்பானின் மக்கள்தொகை 2008 வாக்கில் 12.8 கோடியைத் தொட்டது, அதன் பிறகு குறைந்தது. அது ஹெத்தே கிதா. இனியும் குறையும், அது ஹெத்தே இகு. கேள்வி கேட்டவருக்கு இதுவே விடை. தேர்விலும் இமா மதே (இதுவரை), ஸுத்தோ (தொடர்ந்து) வந்தால் குரு, கொரெகரா (இனிமேல்) வந்தால் இகு. மதிப்பெண் கிடைத்துவிடும்.

வல்லினம்:

நேர்கோடு சொல்வது தேர்வுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் கதையோ செய்தியோ படிக்கத் தொடங்கியதும் அந்தக் கோடு அறுந்துவிடும். இரண்டு எடுத்துக்காட்டு.

தென்ஷா வா தொஒசகத்தே இத்தா. ரயில் தூரமாகிக்கொண்டே போனது. முழுக்கக் கடந்த காலம், ஆனாலும் இகு. நடைமேடையில் நின்று பார்த்தவரின் கண்ணிலிருந்து அது விலகுகிறது, அதனால்தான். நகமா கா ட்ஸுகிட்ஸுகி தொ ஷிந்தே இத்தா, தோழர்கள் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள், என்பதும் அப்படித்தான். சொல்கிறவர் அந்த நாட்களுக்குள்ளேயே நின்று, அவர்கள் தன்னை விட்டுப் போவதைப் பார்க்கிறார்.

மறுபக்கம், கொரெகரா சமுகு நத்தே குரு. இனிமேல் குளிர் கூடி வரும். எதிர்காலம், ஆனாலும் குரு. வரப்போகும் குளிர் நம் பக்கம் நெருங்குவதாகச் சொல்கிறார். அதே குளிரை சமுகு நத்தே இகு என்றும் சொல்லலாம். அப்போது பருவம் ஒரு திசையில் போய்க்கொண்டே இருப்பதை நின்று பார்ப்பது போன்ற தொனி வரும்.

ஆகவே கோட்டின் நடுப்புள்ளி 'இப்போது' அல்ல, பேசுகிறவர் நிற்க எடுத்துக்கொண்ட இடம். பல வாக்கியங்களில் அது இப்போதாகவே இருக்கும், அதனால் நேர்கோட்டின் விதி அங்கெல்லாம் சரியாக வரும்.

நேர்கோடு:

தொஒசகத்தே இத்தா நல்ல எடுத்துக்காட்டு. அப்படியானால் என் கோட்டை வைத்துக்கொண்டு, புள்ளியை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வல்லினம்:

ஆமாம், அது போதும்.

இன்னொன்று, இது கொய்யாமரம் கேட்காதது. தே இரு என்ற வடிவத்தை நாம் எல்லோரும் "கொண்டிருக்கிறது" என்று படித்துப் பழகியிருக்கிறோம். தபெதே இரு, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சரி. ஆனால் ஷிந்தே இரு என்றால் செத்துக்கொண்டிருக்கிறார் இல்லை, இறந்து கிடக்கிறார். இத்தே இரு என்றால் போய்க்கொண்டிருக்கிறார் இல்லை, போய் அங்கே இருக்கிறார். ஃபுதொத்தே இரு என்றால் குண்டாக இருக்கிறார். 1950-இல் கிந்தாய்ச்சி ஹருஹிகோ என்ற மொழியறிஞர் ஜப்பானிய வினைகளை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டியது இந்த தே இரு வடிவத்தை வைத்துத்தான். நொடியில் முடிந்துவிடும் மாற்றத்தைக் குறிக்கும் வினைகளில் தே இரு சேர்த்தால், மாற்றம் முடிந்த பிறகு நிற்கும் நிலைதான் கிடைக்கும்.

அப்படியானால் மாறிக்கொண்டிருப்பதை எப்படிச் சொல்வது? அந்த இடத்துக்குத்தான் இகுவும் குருவும் வருகின்றன. கியெதே இரு என்றால் விளக்கு அணைந்து கிடக்கிறது. கியெதே இகு என்றால் மெல்ல மங்கி மறைகிறது. ஃபுதொத்தே கிதா என்றால் எடை கூடிக்கொண்டு வருகிறது. இந்த இரண்டு துணைவினைகளும் இல்லாவிட்டால் மெதுவாக நடக்கும் மாற்றங்களைச் சொல்வதற்கு அந்த மொழி மிகவும் சிரமப்பட்டிருக்கும். எனக்கு இந்த அமைப்பின் மேல் தனி மரியாதை வந்தது இதைக் கவனித்த பிறகுதான்.

கொய்யாமரம்:

ஷிந்தே இரு விளக்கம் எனக்கு ரொம்ப நாளாக வேண்டியிருந்தது, நன்றி. ஆனால் இப்போது புதுச் சந்தேகம். தமிழில் செத்துப் போனான், கெட்டுப் போச்சு, உடைஞ்சு போச்சு என்கிறோமே, அதற்கெல்லாம் இகு போடலாமா?

நிஷிகசாய் வாசி:

வேண்டாம். இதுதான் நான் மேலே கதவுக்கு வெளியே விடச் சொன்ன 'போ'. கெட்டுப் போச்சு என்பதில் யாரும் எங்கும் போகவில்லை. காரியம் முடிந்துவிட்டது, அது நமக்குப் பிடிக்கவில்லை, இனித் திருப்ப முடியாது, இந்த மூன்றையும் அந்தப் 'போ' சேர்த்துச் சொல்கிறது. ஜப்பானியத்தில் இந்த வேலையைச் செய்வது தே ஷிமாவு. குசத்தே ஷிமத்தா, கெட்டுப் போச்சு. கொவரெதே ஷிமத்தா, உடைந்து போச்சு. பேச்சில் குசச்சத்தா, கொவரெச்சத்தா என்று சுருங்கிவிடும்.

பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குசத்தே இத்தா என்றால் கேட்பவர் விழிப்பார். ஆனால் அதே குசத்தே இகு, ஒரு கைவிடப்பட்ட வீட்டின் மரத்தூண்கள் வருடக்கணக்கில் உளுத்துக்கொண்டே போவதைச் சொல்லப் பொருத்தமாக இருக்கும். அங்கே நீண்டு போகும் மாற்றம் இருக்கிறது.

"செய்யப் போகிறேன்" என்பதில் வரும் போவும் அப்படித்தான், அது வெறும் எதிர்காலம். ஜப்பானியத்தில் அதற்கு சுரு ட்ஸுமொரி போன்ற வேறு வழிகள். இகுவைத் தொடாதீர்கள்.

வருவுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். "விலை உயர்ந்து வருகிறது" என்ற நம் செய்தித்தாள் வாக்கியத்துக்கு நெருக்கமானது அகத்தே கிதே இரு. குருவே தே இரு வடிவம் எடுத்து நிற்கிறது, பாருங்கள். 2025 மார்ச்சில் இங்கே 5 கிலோ அரிசியின் சராசரி விலை 4,000 யென்னைத் தாண்டியது. அப்போது எங்கே பார்த்தாலும் கொமெ நொ நெதான், அரிசி விலை, அதுதான் பேச்சு. இதுவரை ஏறி இந்த இடத்தில் நிற்கிறது என்றால் அகத்தே கிதே இரு. இது இன்னும் எங்கே போய் நிற்குமோ என்ற கவலை வந்தால் அகத்தே இகு. "ஏறிக்கொண்டே போகிறது" என்று சொல்லும்போது வரும் கவலை இதில் அப்படியே கிடைக்கிறது, அதனால் இந்த ஒரு இடத்தில் தமிழ்ப் போவை நம்பலாம். "கொண்டே" கூட இருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் பெரும்பாலும் இகுதான்.

ஃபுகுஓகா மழை:

போன் செய்த நண்பனை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அவனுக்காகத்தான் உள்ளே வந்தேன்.

தொமொதாச்சி கா தென்வா ஓ ககேதா என்று மட்டும் சொன்னால், நண்பன் யாருக்கோ போன் செய்தான், அது எனக்கு இல்லை என்று தொனிக்கும். எனக்குச் செய்தான் என்றால் ககேதே கிதா. வந்தது நண்பன் அல்ல, அவன் செய்த அந்தச் செயல். அது என்னை நோக்கி வந்தது. வதாஷி நி, அதாவது 'எனக்கு', என்ற சொல்லைத் தனியாகப் போட வேண்டிய தேவைகூட இல்லை. குரு அந்த வேலையைச் செய்துவிடும். ஹஹா கா நிமொட்ஸு ஓ ஒகுத்தே கிதா, அம்மா பார்சல் அனுப்பியிருக்கிறார், எனக்கு. கஞ்ஜா சான் கா மொன்கு ஓ இத்தே கிதா என்றால் நோயாளி எங்களிடம் குறை சொன்னார்.

தமிழில் இந்தப் பழக்கம் இல்லை. நண்பன் போன் பண்ணினான் என்றாலே எனக்குத்தான் என்று சூழலிலிருந்து புரிந்துவிடும். அதனால் தமிழர்கள் பேசும் ஜப்பானியத்தில் இந்தக் குரு விட்டுப்போகும். இலக்கணப்படி வாக்கியம் தப்பில்லை என்பதால் யாரும் திருத்தவும் மாட்டார்கள். ஆனால் கேட்பவருக்கு நாம் ஏதோ மூன்றாம் மனிதரின் கதையைச் சொல்வது போல இருக்கும். தகவல், பார்சல், புகார், கேள்வி என்று உங்களை நோக்கி வரும் எதைச் சொன்னாலும் கிதா சேர்த்துப் பழகுங்கள். நூறு இலக்கணப் புள்ளிகளைவிட இது உங்கள் பேச்சை இயல்பாக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு பொறி, இது நகர்கிற போ, வாவிலேயே இருக்கிறது. அம்மா உள்ளிருந்து கூப்பிட்டால் "இதோ வரேன்" என்போம். கேட்கிறவர் இருக்கும் இடத்துக்குப் போவதைத் தமிழில் வருவது என்கிறோம். ஜப்பானியத்தில் இமா இகிமாசு, இதோ போகிறேன். குருவின் முனை எப்போதும் பேசுகிறவர் பக்கம்தான். ஆகவே உங்கள் வீட்டு விருந்துக்கு நான் ஏதாவது கொண்டு வரட்டுமா என்று கேட்க நானிகா மொத்தே இகிமாஷோ கா. மொத்தே கிமாஷோ கா என்றால் சரியாக வராது.

ஆச்சரியம் என்னவென்றால், நான் இருக்கும் கியூஷு தீவில் வட்டாரப் பேச்சு தமிழ் பக்கம் நிற்கிறது. இமாகரா குருகென் என்று போனில் ஒருவர் சொன்னால், இப்போது உங்களிடம் வருகிறேன் என்று பொருள். தோக்கியோக்காரர் இதைக் கேட்டு, யார் எங்கே வருகிறார்கள் என்று குழம்புவது உண்டு. நம் காதுக்கு அது சொந்த ஊர்ப் பேச்சு போல இருக்கிறது. தேர்வில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பனங்கிழங்கு:

யாழ்ப்பாணத்தில பிறந்து இப்ப நகோயாவில இருக்கிறன். எங்கட ஊரில "போட்டு வாறன்" எண்டு சொல்லித்தான் வீட்டால வெளிக்கிடுவம். இத்தே கிமாசு படிச்ச அண்டைக்கே மனசில நிண்டதுக்கு அதுதான் காரணம்.

காதால கேக்கிற ஆக்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேணும். பேச்சில இகுவின்ர 'இ' விழுந்திடும். மொத்தே இகு மொத்தெகு ஆகும், மொத்தே இத்தா மொத்தெத்தா ஆகும். தே இருவும் 'இ'யை விட்டிட்டு தெரு எண்டு வரும். அப்ப ஃபுஏதெகு எண்டால் பெருகிக்கொண்டு போகுது, ஃபுஏதெரு எண்டால் பெருகியிருக்குது. கடைசி எழுத்து ஒண்டுதான் வித்தியாசம். கேட்டல் தேர்வில வேகமாப் போகேக்க இதைப் பிடிக்கவேணும். குரு அப்பிடிச் சுருங்காது, அது முழுசாவே கேக்கும்.

கிதே எண்ட சத்தத்தையும் கவனியுங்கோ. உடுத்துறதுக்கும் கிதே, வாறதுக்கும் கிதே. கிமொனோ ஓ கிதே கிதா எண்டால் கிமொனோ உடுத்திக்கொண்டு வந்தா. முதல் கிதே உடுத்துறது, தட்டையாச் சொல்லவேணும். வாற கிதேக்கு முதல் எழுத்திலயே குரல் ஏறி அடுத்ததில இறங்கும்.

வல்லினம்:

எழுத்தில் பார்ப்பவர்களுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஆள் நிஜமாகவே போகிற இகுவைக் காஞ்சியில் (சீன எழுத்தில்) எழுதுவார்கள், மாற்றத்தைக் காட்டும் துணைவினையை ஹிராகானாவில் (ஜப்பானிய ஒலியெழுத்தான கானாவின் ஒரு வகை) எழுதுவார்கள். 2010-இல் வந்த அரசு ஆவண எழுத்துமுறை வழிகாட்டுதலிலும் இப்படித் துணைவினையாக வருபவை ஹிராகானாவில் இருக்க வேண்டும் என்றுதான் உள்ளது. சுமை கூடிக்கொண்டே போகிறது, குளிராகிக்கொண்டு வருகிறது என்ற இரண்டும் அதில் எடுத்துக்காட்டுகள். எல்லோரும் இதைக் கறாராகப் பின்பற்றுவதில்லை, நகர்தலையும் கானாவில் எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் காஞ்சி இருந்தால் கால் நடக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இரவுப்பணி:

மரியாதை வடிவத்தையும் சேர்த்துவிடலாம். இகு, குரு இரண்டுக்கும் பணிவு வடிவம் மாயிரு. ரயில் நிலையத்தில் "தென்ஷா கா மாயிரிமாசு" என்று கேட்பது இதுதான். வேலைக்குக் கிளம்பும்போது பெரியவர்களிடம் இத்தே மாயிரிமாசு. அமைச்சர்களும் நிறுவனத் தலைவர்களும் பேசும்போது தொரிகுந்தே மாயிரிமாசு என்று வாக்கியத்துக்கு வாக்கியம் வரும். முனைந்து செயல்பட்டுக்கொண்டே போவோம் என்ற உறுதிமொழி. அது தே இகுவின் பணிவு உடை. கடந்த காலத்தில் தொரிகுந்தே மாயிரிமாஷிதா என்றால் இதுவரை செய்து வந்தோம், அதாவது தே கிதா. எந்தப் பக்கம் என்று காலத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும், இங்கே நேர்கோடு சொன்ன கோடு நன்றாக உதவுகிறது.

கொய்யாமரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு வாக்கியம் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஷின்கன்சென் அதிவேக ரயிலில் போகும்போது ஜன்னலில் மலை தெரிய ஆரம்பித்தது: ஃபுஜிசான் கா மியெதே கிதா.

பத்து வருடம் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்து வந்திருக்கிறார்: ஜூநென்கான் நிஹொங்கோ ஓ ஒஷியெதே கிதா.

கிராமத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போகின்றன: இனாகா நொ கக்கோ கா ஹிதொட்ஸு ஸுட்ஸு நகு நத்தே குரு.

இப்போதுதான் கொஞ்சம் புரிய ஆரம்பித்திருக்கிறது: யத்தொ சுகொஷி வகத்தே கிதா.

நிஷிகசாய் வாசி:

முதலாவது மிகச் சரி. தோக்கியோவிலிருந்து ஒசாகா போகிறவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்தால் ஷின்-ஃபுஜி நெருங்கும்போது பெட்டி முழுக்க இதைக் கேட்கலாம். மலை நகரவில்லை, ஆனால் நம் பார்வைக்குள் வருகிறது. கிகொஎதே கிதா, காதில் விழ ஆரம்பித்தது, என்பதும் இதே வகை.

இரண்டாவதும் சரி. அங்கே ஜூநென்கான் என்ற காலஅளவு இருப்பதால் "இதுவரை செய்து வந்தார்" என்ற பொருள் உறுதியாகிறது. அது இல்லாமல் ஒஷியெதே கிதா என்று மட்டும் விட்டால் "கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன்" என்றும் படிக்கலாம், இப்போதுதான் வகுப்பு முடித்துத் திரும்பியது போல. மனம் வைத்துச் செய்யும் செயல்களில் கிதா "தொடங்கியது" என்ற பொருளைப் பொதுவாகத் தராது என்பதையும் கவனியுங்கள். மழை, பசி, குளிர் போன்று தானாக நடப்பவற்றுக்குத்தான் அது. கற்பிக்க ஆரம்பித்தார் என்றால் ஒஷியெ ஹஜிமெதா.

மூன்றாவதில் இகு போடுங்கள், நகு நத்தே இகு. மறைவது, அழிவது, இறப்பது எல்லாம் நம் பார்வையிலிருந்து விலகுபவை. பிறப்பதும் தோன்றுவதும் முளைப்பதும் நம் பக்கம் வருபவை, அவற்றுக்கு உமரெதே குரு, அராவரெதே குரு.

ஃபுகுஓகா மழை:

மூன்றாவதில் ஒரு சின்னச் சேர்க்கை. இரவுப்பணி மேலே ஷொகுயொகு கா நகு நத்தே கிதா என்று எழுதியிருக்கிறாரே, அதுவும் சரிதான். அங்கே நாட்டம் இல்லாமல் போகும் நிலை இன்றைக்கு நம் கண்முன் வந்து நிற்கிறது, அதைப் பதிவு செய்கிறார். பள்ளிகள் பற்றியும் "சமீபமாக இல்லாமல் போய் இந்த நிலைக்கு வந்துவிட்டது" என்று இன்றைய நிலைமையைச் சொல்ல வேண்டுமானால் நகு நத்தே கிதே இரு எழுதலாம். ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால் இகு. உங்கள் வாக்கியத்தில் ஹிதொட்ஸு ஸுட்ஸு (ஒவ்வொன்றாக) இருப்பதால் நானும் இகுவைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நான்காவதில் திருத்த ஒன்றும் இல்லை. யத்தொ அங்கே நன்றாகப் பொருந்தியிருக்கிறது.

கொய்யாமரம்:

நகு நத்தே இகு என்று மாற்றிக்கொண்டேன். அடுத்து தே ஒகு, தே மிரு இரண்டையும் பார்க்கப் போகிறேன், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். கொரெகரா மொ பென்கியோ ஷிதே இகிமாசு, இனியும் படித்துக்கொண்டே போவேன்.